ஓவர் என்ற சொல்லும் இருபதடி பேனரும்

"ஓவர்" என்ற சொல்லை என் மீது முதலில் வீசியவர் யார் என்று எனக்கு நினைவில்லை. அதிகமாக வீசியவர் என் கணவரின் அக்கா. இதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. கேஸை அணைத்தேனா, குழந்தைக்குக் கொடுத்த மருந்து ஐந்து மில்லியா ஆறா, இதை எழுதலாமா கூடாதா.

மகள் பிறப்பதற்கு முன் ஐந்து வருடம் ஒரு பள்ளியில் தமிழ் நடத்தினேன். ஒன்பதாம் வகுப்பில் ஒரு நாள், தினமும் நாம் பேசும் பிறமொழிச் சொற்களுக்குத் தமிழ் தேடச் சொன்னேன். "ஓவர்" வந்தபோது மிகை, வரம்பு மீறல், அளவு கடந்தது என்று கரும்பலகையில் எழுதிக்கொண்டே போனேன். முதல் வரிசை மாணவி ஒருத்தி, "அதெல்லாம் சொன்னா யாருக்கும் கோவமே வராது மிஸ். ஓவர்னு சொன்னாத்தான் வரும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவள் சொன்னது எவ்வளவு உண்மை என்று கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது.

மிகை என்றால் ஒரு பொருள் இருக்கவேண்டிய அளவை விடக் கூடிவிட்டது என்று அர்த்தம். ஓவர் அப்படி இல்லை. அது பொருளை அளப்பதில்லை, ஆளை அளக்கிறது. எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை குதிரையில் வந்தார், மேலே டிரோன் பறந்து படம் எடுத்தது, சாம்பார் வாளிக்குப் பின்னால் புகை விட்டார்கள். யாரும் ஓவர் என்று சொல்லவில்லை. "அமர்க்களம்" என்றார்கள். நான் என் குழந்தையின் ஸ்பூனை வெந்நீரில் போட்டு எடுத்தேன். அது ஓவர். காவிரிப் பாலத்தில் மெதுவாகப் போகச் சொல்லி ஆட்டோக்காரரிடம் கேட்டேன். அதுவும் ஓவர். ஜுரத்தை மூன்று முறை பார்த்தால் ஓவர், பார்க்காமல் இருந்தால் "என்ன அம்மா இவ". மாமியார் கண் கலங்கினால் மனசு. மருமகள் கண் கலங்கினால் ஓவர். எங்கள் வீட்டு வழக்கில் நான் கண்ட அர்த்தம் இது. அகராதியில் இருக்காது.

என் நாத்தனார் கெட்டவர் இல்லை என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். உறையூரில் வீடு. எனக்குப் பிரசவமானபோது பதினைந்து நாள் ஸ்ரீரங்கம் வந்து தங்கிப் பத்தியச் சமையல் செய்து போட்டவர். அதை நான் மறக்கக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மறந்துவிடுவேன்.

அந்த வருடம் ஆடிப் பதினெட்டுக்கு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனோம். ஆற்றில் தண்ணீர் நிறைய வந்திருந்தது. கூட்டம் சொல்லவேண்டியதில்லை. மகளுக்கு அப்போது இரண்டரை வயது, கையை விட்டால் ஓடுகிற வயது. ஒரு பழைய துப்பட்டாவின் ஒரு முனையை அவள் இடுப்பிலும் மறு முனையை என் மணிக்கட்டிலும் கட்டினேன். படியில் இறங்கும்போதே நாத்தனார் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது, கன்னுக்குட்டியை ஓட்டிட்டு வந்திருக்க?"

"தண்ணி இழுக்குதுக்கா. கூட்டம் வேற."

"ரெண்டு புள்ளைங்களை இதே படியிலதான் குளிப்பாட்டி வளத்தேன். ஒண்ணாவது போச்சா? ஓவரா பண்ணாத."

நான் அவிழ்க்கவில்லை. மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்ளும்போது மட்டும் துப்பட்டாவின் முனையை நாத்தனார் மகளிடம் கொடுத்தேன். அவளுக்குப் பன்னிரண்டு வயது. "நான் புடிச்சுக்கிறேன் அத்தை" என்று கையில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள். சிரிக்காமல் செய்தவள் அவள் ஒருத்திதான்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் படம். என் மகள் இடுப்பில் துணியோடு படியில் நிற்கிறாள். கீழே நாத்தனார் எழுதியிருந்தார்: "எங்க வீட்டுக் கன்னுக்குட்டி. கட்டினது டீச்சரம்மா." உப்பிலியபுரத்துச் சித்தப்பா ஒருவர், "பால் கறக்குமா?" என்று கேட்டிருந்தார். இருபத்தாறு பேர் சிரித்திருந்தார்கள். அதில் ஒருவர் என் கணவர்.

"சும்மா போட்டதுதானே. நீ ஏன் இதைப் பெருசாக்குற?" என்றார் கணவர்.

அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் யாராவது மகளைத் தூக்கி, "கன்னுக்குட்டி எப்படிக் கத்தும்?" என்பார்கள். அவள், "ம்மா" என்பாள். எல்லோரும் கைதட்டுவார்கள். அவளுக்கு அது பெருமை. மூன்று வயதில் ப்ளே ஸ்கூலில் சேர்த்தபோது, பெயர் கேட்ட டீச்சரிடம் தன் பெயரைச் சொல்லாமல் "கன்னுக்குட்டி" என்றாள். அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன். என்ன முடிவு என்று தெரியாமலே முடிவு செய்தேன். திருப்பிக் கொடுக்கவேண்டும்.

எனக்குத் திருப்பிக் கொடுக்கத் தெரியாது. சொல்லிக் கொடுத்தவர்கள் யாரும் இல்லை. நாத்தனார் வரும் நாளில் காபியில் சர்க்கரையைக் குறைத்துப் போட்டேன். "இன்னைக்குத்தான் காபி நல்லா இருக்கு" என்றார். அவருடைய பிறந்தநாளுக்குக் குரூப்பில் எல்லோரும் வாழ்த்தியபோது நான் மட்டும் வாழ்த்தவில்லை. அவர் கவனிக்கவே இல்லை. பாத்திரம் தேய்க்கும்போது அவரிடம் சொல்லவேண்டிய பதில்களைத் தயாரிப்பேன். நல்ல பதில்கள், இலக்கணச் சுத்தமானவை. அவர் நேரில் வந்தால், "வாங்கக்கா, சாப்பிட்டீங்களா" என்றுதான் வாய் சொல்லும்.

ஒன்றரை வருடம் கழித்து வாய்ப்பு தானாக வந்தது. நாத்தனார் மகள் பெரியவளானாள். மூன்று மாதம் கழித்து உறையூரில் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு விழா வைத்தார்கள். என் கணவர் தாய்மாமன். சீர் எங்களுடையது. மண்டப வாசலில் கட்டும் பேனரும் தாய்மாமன் வீட்டுக் கடமைதான். பேனரில் எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்பதற்காக அந்த வேலை என்னிடம் வந்தது.

நாத்தனாரே போன் செய்தார். "நீதான் தமிழ் படிச்சவ. நல்லா கவிதையா எழுது. போன மாசம் எங்க வீட்டுக்காரர் தங்கச்சி வீட்டுல வச்சாங்க பாரு, அதைவிடப் பெருசா இருக்கணும்."

மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் மாடியில் இருந்த பிளெக்ஸ் கடைக்குப் போனேன். டிசைன் செய்கிறவருக்கு நாற்பது வயது இருக்கும். பத்தடி அகலம், எட்டடி உயரம். நடுவில் பெண்ணின் படம், ஒரு பக்கம் அப்பா அம்மா, மறுபக்கம் தாய்மாமன். என் படத்தையும் மகள் படத்தையும் நான் கொடுக்கவில்லை, கண்படும் என்று. டிசைன் நன்றாகவே வந்தது. நான் எழுதிய நாலு வரியில் ஒற்றுப் பிழைகூட இல்லை.

மறுநாள் நாத்தனார் கடைக்காரரிடமே பேசிவிட்டார். வாசலில் இரண்டு கம்பத்துக்கு நடுவே இருபதடி இடம் இருக்கிறது, இருபதடிக்குப் போடுங்கள் என்று. அவர் புதிதாக டிசைன் செய்யவில்லை. பத்தடியில் இருந்ததை இரண்டு ஓரத்தையும் பிடித்து இருபதடிக்கு இழுத்துவிட்டார். உயரம் அதே எட்டடி. அதை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனும் செய்தார்.

"மேடம், பாத்துட்டு ஓகே சொல்லுங்க. மெஷின்ல ஏத்திடுவேன். கொஞ்சம் அகலமாத் தெரியும். மேல கட்டினா அவ்வளவா தெரியாது."

மதிய நேரம். மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். சமையலறையில் நின்றபடி படத்தைத் திறந்தேன். நாத்தனாரின் முகம் தட்டு மாதிரி பரந்திருந்தது. மூக்கு கன்னம் வரைக்கும் போயிருந்தது. பட்டுப் புடவையின் தோள் இரண்டு ஆள் தோள். நல்ல களையான முகம் அவருக்கு. அது எப்படி இப்படி ஆகும் என்று பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தோஷமாக இருந்தது. இந்த முகம் உறையூர் கடைவீதியில் மூன்று நாள் தொங்கும். பஸ்ஸில் போகிறவர்கள் பார்ப்பார்கள். உப்பிலியபுரத்துச் சித்தப்பா வேனில் வந்து இறங்கி முதலில் இதைத்தான் பார்ப்பார். ஏதாவது கேட்பார்.

நடுவில் இருந்த பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பார்த்தேன். எல்லாவற்றையும் விடப் பெரிதாக இருந்தது அதுதான், பார்க்காமல் இருக்க முடியாது. கொஞ்சம் பூசினாற்போன்ற பெண். பள்ளியில் அவளைப் "பூரி" என்று கூப்பிடுகிறார்கள் என்று என்னிடம்தான் ஒரு தடவை சொன்னாள், அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு. அதுவும் எனக்கு நினைவு வந்தது. என் கணவரின் முகமும் அகன்றிருந்தது. அது இருக்கட்டும் என்று நினைத்தேன். சிரித்தவர்தானே.

"ஓகே. பிழை எதுவும் இல்லை. போடலாம்" என்று தட்டி அனுப்பினேன். ஸ்பூனை வெந்நீரில் போடுகிறவள், கேஸை இரண்டு முறை பார்க்கிறவள், அந்த ஒரு செய்தியை மறுபடி படிக்காமல் அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை மாலை பேனர் ஏறியது. சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நாத்தனாரிடமிருந்து போன். "கொஞ்சம் வாயேன்மா. ரூமுக்குள்ள போய் உக்காந்துட்டா. நாளைக்கு வரமாட்டாளாம். நீ சொன்னா கேப்பா."

மகளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் போனேன். வழியில் மண்டபம். பேனரை நேரில் அப்போதுதான் பார்த்தேன். போனில் பார்த்தது ஒன்றுமே இல்லை. அந்தப் பெண்ணின் கண்கள் மட்டும் ஒரு முழம் இருக்கும். எதிர் டீக்கடையில் இரண்டு பேர் கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் பத்துப் பதினைந்து பேர். ஊரிலிருந்து வந்த பெண்கள் கூடத்தில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாத்தனார் மூடிய கதவின் முன் நின்று பேசிக்கொண்டிருந்தார். "ஸ்கூல் புள்ளைங்க நாலு பேர் போட்டோ புடிச்சுப் போட்டா என்ன இப்போ? உன் மூஞ்சிதானே அது? ஓவரா பண்ணாதடி. வெளிய வா." என்னிடம் திரும்பி, "பேனர் எவ்வளவு எடுப்பா இருக்கு தெரியுமா? ரோட்டுல போறவன் எல்லாம் நின்னு பாக்குறான்" என்றார்.

"உங்க படம் எப்படி இருக்குக்கா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"எனக்கென்ன. கொஞ்சம் பூசினாப்ல இருக்கேன். சித்தப்பா, லட்சுமி கடாட்சமா இருக்குன்னார்."

ஒன்றரை வருடம். இதற்கா.

கதவைத் தட்டினேன். என் குரல் கேட்டுத் திறந்தாள். தரையில் உட்கார்ந்திருந்தாள். போனைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்தாள். என் மகள் போய் அவள் மடியில் ஏறிக்கொண்டாள்.

"பூரி மாஸ்டர் கடைன்னு எழுதிப் போட்டிருக்காங்க அத்தை. கிளாஸ் குரூப்புல."

அவள் தலையைத் தடவினேன்.

"நீங்க பாத்துட்டுத்தானே அனுப்புனீங்க? எல்லாம் செக் பண்ணுவீங்கன்னு அம்மா சொன்னாங்களே. உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். போன் ஸ்கிரீன் சின்னது, கவனிக்கவில்லை, கடைக்காரர் தப்பு. மூன்று பொய்யும் வரிசையாக நாக்கில் இருந்தன. அவள் என்னை நம்பத் தயாராக இருந்தாள், நம்புவதற்கு ஒரு வார்த்தைதான் பாக்கி. அதனால்தானோ என்னவோ சொல்ல முடியவில்லை.

"தெரிஞ்சுது" என்றேன்.

என்னை நிமிர்ந்து பார்த்தாள். "அம்மா மேல கோவமா?"

"ஆமா."

"அப்ப அம்மா மூஞ்சியை மட்டும் இழுத்திருக்கலாம்ல?"

கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டாள். என் மகளை மடியிலிருந்து இறக்கி என்னிடம் தள்ளிவிட்டு, அவள் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

மகளை, காலையிலேயே அங்கே வந்திருந்த கணவரிடம் கொடுத்துவிட்டு மண்டபத்துக்கு நடந்தேன். பின்பக்கத்தில் சமையல்காரர்கள் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கத்தியை இரவல் கேட்டேன். "எதுக்கும்மா?" என்றார் ஒருவர். "பேனரை இறக்கணும்" என்றதும் அவரே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். கீழ்க்கட்டு நான்கையும் நான் அறுத்தேன், மேல்கட்டை அவர் அறுத்தார். பேனர் பெரிய சத்தத்தோடு மடிந்து நடைபாதையில் விழுந்தது. டீக்கடைக்காரர், "ஏங்க, நாளைக்குத்தானே விசேஷம்?" என்றார்.

அதற்குள் நாத்தனார் நாலைந்து பெண்களோடு வந்துவிட்டார். "உனக்கு என்ன பைத்தியமா? யாரைக் கேட்டு இறக்குன?"

நான் சொன்னேன். அவர்கள் எல்லோர் முன்னாலும், கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு. படம் இழுத்திருந்தது எனக்குத் தெரியும் என்று. வேண்டுமென்றேதான் சரி சொன்னேன் என்று. ஆடிப் பதினெட்டு, கன்றுக்குட்டி, ப்ளே ஸ்கூல் எல்லாம் சொன்னேன். பாத்திரம் தேய்க்கும்போது தயாரித்த பதில் ஒன்றுகூட வரவில்லை. பாதியில் மூக்கு ஒழுகியது.

நாத்தனார் கீழே கிடந்த பிளெக்ஸை ஒரு ஓரம் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். அவர் மகளின் கன்னமும் காதுமாக ஒரு துண்டு தெரிந்தது.

"ஒரு போட்டோவுக்காகவா? குழந்தையைக் கொஞ்சிப் போட்டது." பிறகு மெதுவாக, கோபம் இல்லாமல் சொன்னார். "இது ரொம்ப ஓவர்மா."

எத்தனையோ முறை கேட்ட சொல். அந்த ஒரு முறைதான் அது அளவாகப் பொருந்தியது. அதைச் சொல்லும் உரிமை அவருக்குக் கிடைக்கும்படி நானே செய்துவிட்டேனே என்பதுதான் அப்போது எனக்குத் தோன்றியது. வருத்தம் பிறகுதான் வந்தது. இந்த வரிசையை மாற்றி எழுதினால் என்னைப் பற்றி நல்லபடியாகத் தெரியும். ஆனால் நடந்தது இந்த வரிசையில்தான்.

ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தாள். யார் சொல்லி வந்தாள் என்று நான் கேட்கவில்லை. பேனர் இல்லாத வாசலில் வாழைமரம் மட்டும் இருந்தது. தாய்மாமன் மனைவி முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். நாத்தனார் தடுக்கவில்லை, சொம்பைக் கையில் எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். ஊற்றினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மற்றவர்கள் ஊற்றும்போது திறந்துகொண்டாள்.

நாத்தனார் இப்போது இதை ஒரு கதையாகச் சொல்கிறார். "டீச்சரம்மா கத்தியோட வந்து நின்னா பாரு, நான் பயந்தே போயிட்டேன்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். கன்றுக்குட்டி என்று யாரும் இப்போது கூப்பிடுவதில்லை. நாத்தனார்தான் நிறுத்தச் சொன்னாராம், கணவர் சொன்னார். அதற்காக நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுத விரும்புகிறேன். ஆனால், அவர் என்னை அவ்வளவு சுலபமாக மன்னித்தது இன்னொரு தடவை என்னைச் சின்னவளாக்கியது போலத்தான் இருக்கிறது. இப்படி நினைப்பது சரியா என்று தெரியவில்லை. நினைக்கிறேன்.

இந்தத் தீபாவளிக்கு ஸ்ரீரங்கம் வந்திருந்தார்கள். நாத்தனார் மகள் இப்போது உயர்ந்துவிட்டாள், முகம் நீண்டுவிட்டது. என்னிடம் கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். "ஆமாங்க", "இல்லைங்க". முன்பெல்லாம் அந்த "ங்க" கிடையாது, "அத்தை" உண்டு. என் மகள் புதுப் பாவாடையோடு ஓடிப்போய் அவள் மேல் விழுந்தாள். இருவரும் கன்னத்தோடு கன்னம் வைத்து செல்ஃபி எடுத்தார்கள். நான் பலகாரத் தட்டோடு அவர்கள் பக்கத்தில்தான் நின்றேன். அவள் போனைக் கொஞ்சம் இடது பக்கம் சாய்த்தாள்.

"ஏய், அத்தையையும் சேத்து எடுடி" என்றார் நாத்தனார்.

"இடம் பத்தலம்மா" என்றாள் அவள், திரும்பாமலே.

"கொஞ்சம் தள்ளிப் புடிச்சா வருவாங்க."

"பரவால்லக்கா, அவங்க எடுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தட்டை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். எனக்காகப் பரிந்து பேச அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் இருந்தார். அதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.